வாய்ப்பூட்டுப் போர்

வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் நம்மில் பலர் அதைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போகிறோம். போகும்போது இருக்கும் மரியாதை, திரும்பும்போது சில சமயங்களில் இருப்பதில்லை. 'ஓர் ஊசிக்கு இவ்வளவு பணமா?' என்று ஒரு மனக்கசப்பு. 'நடந்து வந்த நாயைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டாரே' என்று ஒரு சந்தேகம். 'இரண்டு நாளைக்கு முன்பே கொண்டு வந்திருக்கக் கூடாதா?' என்று வைத்தியர் கேட்ட கேள்வி நெஞ்சில் தைத்த முள்ளாக நிற்பதும் உண்டு. பணம், பலன், பேச்சு ஆகிய இவை மூன்றும் வெளிப்படையாகத் தெரியும் காரணங்கள். பெரும்பாலும் உட்கார்ந்து பேசினால் தீரக்கூடியவை. ஆகவே அவற்றை இன்று நாம் அதிகம் தொடப் போவதில்லை.

இவற்றுக்கு அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. நாய் வளர்ப்பவர் தம்முடைய ஒரு நாயைப் பற்றிக் கேட்கிறார். வைத்தியரோ ஊரில் உள்ள எல்லா நாய்களையும், அந்த ஊர்க் குழந்தைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறார். கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. இந்தப் பிணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சரித்திரத்தில் பார்க்க வேண்டுமானால், ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நடந்த ஒரு சண்டையைத்தான் பார்க்க வேண்டும். நாய்களுக்கு வாய்ப்பூட்டுப் போடுவதா, கூடாதா என்பதே அந்தச் சண்டை. வாய்ப்பூட்டுச் சட்டம் என்றதும் மேடைப் பேச்சுக்கு அரசாங்கம் போட்ட தடை சிலருக்கு நினைவு வரலாம். நாம் சொல்வது, கம்பியால் பின்னி நாயின் மூஞ்சியில் மாட்டும் உண்மையான வாய்ப்பூட்டு.

சண்டைக்கு மூலம் வெறிநாய்க்கடி நோய். ரேபிஸ் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். நோய் கண்ட பிராணியின் உமிழ்நீரில் இருக்கும் கிருமி, கடிவாய் வழியே உள்ளே புகுந்து, நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. அதற்குச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். மூளையைத் தொட்டு, நோயின் குறிகள் வெளியே தெரிந்துவிட்டால், மனிதனோ நாயோ பிழைப்பது அநேகமாக இல்லை. இதில் நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாய்க்கு வெறி வெளிப்படுவதற்குச் சில நாட்கள் முன்பே அதன் உமிழ்நீரில் கிருமி வந்துவிடும். வாலை ஆட்டிக்கொண்டு கையை நக்கும் நாயும் அந்த நாட்களில் ஆபத்தானதே. 'என் நாயை எனக்குத் தெரியாதா?' என்று வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி இந்த இடத்தில்தான் பலனற்றுப் போகிறது.

வைத்தியரின் நிலையும் அன்று அவ்வளவு உறுதியானதாக இல்லை. ஒரு நாய்க்கு இந்த நோய் இருந்ததா என்று திட்டமாக அறிய, அதன் மூளையைப் பார்க்க வேண்டும். அதாவது நாய் முதலில் சாக வேண்டும். நோயுற்ற நாயின் மூளையில் காணப்படும் ஒருவகைப் புள்ளிகளை நெக்ரி என்ற இத்தாலிய அறிஞர் கண்டு சொன்னது 1903-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன், செத்த நாயின் மூளைச் சாற்றை முயலுக்குச் செலுத்தி, அந்த முயலுக்கு நோய் வருகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சந்தேகத்தின் பேரில் கொன்றுவிட்டுப் பிறகு உண்மையைத் தேடுகிற தொழிலாக அது இருந்தது. கொல்லப்பட்ட நாய்க்கு நோய் இல்லை என்று பின்னால் தெரிந்தால், வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது?

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. அக்காலத்து இங்கிலாந்தில் மிருக வைத்தியர் என்றால் முக்கியமாகக் குதிரை வைத்தியர். லண்டனில் மிருக வைத்தியக் கல்லூரி 1791-இல் தோன்றியது. அந்தத் தொழிலுக்கு அரச சாசனம் கிடைத்தது 1844-இல். ஆனால் முறையாகத் தேர்ச்சி பெற்றவரே மிருக வைத்தியர் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது 1881-இல்தான். அதுவரை, லாடம் அடித்தவரும் கைமருந்து கொடுத்தவரும் அதே பெயரில் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். சீமாட்டியின் மடியில் வளர்ந்த நாய்க்கு, 'நேற்று வரை குதிரைக் கொட்டடியில் நின்றவர்' தீர்ப்புச் சொல்வதா என்ற இளக்காரம் பலருக்கு இருந்தது. இந்த இளக்காரத்தைச் சண்டையின் ஒரு காரணமாகவே நாம் கருதுகிறோம். மதிப்பில்லாதவர் வாயிலிருந்து வரும் கெட்ட செய்தியை யாரும் நம்ப விரும்புவதில்லை.

1885-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றினார். உலகம் முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. அதே காலத்தில் லண்டன் தெருக்களில் நோய் பரவிக்கொண்டிருந்தது. 1885, 1886-ஆம் ஆண்டுகளில், தெருவில் வரும் நாய்க்கு வாய்ப்பூட்டு வேண்டும் என்று அங்கே உத்தரவு போடப்பட்டது. பூட்டில்லாத நாய்களைப் போலீசார் பிடித்தனர். அவை பாட்டர்சீ என்ற இடத்தில் இருந்த நாய் இல்லத்துக்குப் போயின. அனாதை நாய்களைக் காப்பாற்றுவதற்கென்று தருமவான்கள் 1860-இல் தொடங்கிய இல்லம் அது. உரியவர் வந்து கேட்காத நாய்கள் ஆயிரக்கணக்கில் அங்கேயே உயிர்விட்டன.

சந்தேகப்பட்ட நாயைப் போலீஸ்காரர் நடுத்தெருவில் தடியால் அடித்துக் கொல்வதும் நடந்தது. கூட்டம் கூடும், குழந்தைகள் அலறும். காக்காய் வலிப்பு வந்து நுரை தள்ளிய நாயையும் வெறிநாய் என்று அடித்துவிட்டார்கள் என்ற புகார் திரும்பத் திரும்ப எழுந்தது. அந்தப் புகாரில் நியாயம் இருந்தது என்றே நாம் சொல்வோம். வலிப்பு கண்ட நாயையும் வெறி கண்ட நாயையும் தெருவில் நிற்கும் காவலரால் எப்படிப் பிரித்தறிய முடியும்?

வைத்தியர் பக்கத்தில் முன் நின்றவர் ஜார்ஜ் பிளெமிங். இராணுவத்தில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். மிருக வைத்தியர்களின் அரச கல்லூரிக்குத் தலைவராகவும் இருந்தவர். வெறிநாய்க்கடி பற்றி 1872-இலேயே பெரிய நூல் ஒன்றை எழுதியிருந்தார். நோய் கடியினால் பரவுகிறது, கடியை நிறுத்தினால் நோய் நிற்கும், ஆகவே சில மாதங்களுக்கு நாடெங்கும் எல்லா நாய்களுக்கும் வாய்ப்பூட்டுப் போட்டால் நோய் தானாகவே மடிந்துபோகும் என்பது அந்தப் பக்கத்தாரின் வாதம். கணக்கைப் போல நேரான வாதம். பெர்லின் நகரம் இப்படிச் செய்து பலன் கண்டது என்று உதாரணமும் காட்டினார்கள்.

எதிர்ப் பக்கத்தார் அதை ஏற்கவில்லை. வெயிலாலும் தாகத்தாலும் கட்டிப்போடுவதாலும் நாய்க்கு வெறி தானே உண்டாகிறது என்ற பழைய நம்பிக்கை அங்கே ஆழமாக வேரூன்றியிருந்தது. கோடை வெயிலில் நாய்க்கு வெறி பிடிக்கும் என்ற பேச்சு நமக்கும் புதிதல்ல. அப்படியானால் வாயைக் கட்டி, மூச்சுத் திணற வைத்து, தண்ணீர் குடிக்க விடாமல் செய்யும் வாய்ப்பூட்டே நோயை உண்டாக்கும் அல்லவா? இப்படித்தான் அவர்கள் வாதாடினார்கள். மிருக வைத்தியர்களிலேயே சிலர் இந்தப் பழைய கருத்தை முழுவதும் விட்டுவிடவில்லை. படித்தவர்களுக்குள்ளேயே இரண்டு பேச்சு இருக்கும்போது, தமக்குப் பிடித்த பேச்சை ஜனங்கள் எடுத்துக்கொள்வார்கள்.

1886, 1887-ஆம் ஆண்டுகளில் லண்டனை அடுத்த ரிச்மண்ட் பூங்காவில் மான்களுக்கு இந்த நோய் கண்டு, ஏராளமாகச் செத்தன. அவை கட்டிப்போடப்பட்டவை அல்ல. வாய்ப்பூட்டுப் போட்டவையும் அல்ல. நிழலும் நீரும் புல்லும் நிறைந்த இடத்தில் திரிந்தவை. நோய் கடியால்தான் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. 1887-இல் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று இந்த விஷயத்தை விசாரித்தது. அதே ஆண்டில் உத்தரவும் வந்தது. 1889-இல் விவசாய வாரியம் அமைக்கப்பட்டதும் பொறுப்பு அதன் கைக்குப் போயிற்று.

வாரியம் வாய்ப்பூட்டு உத்தரவு போட்டது, நோய் குறைந்தது. நோய் குறைந்ததும் எதிர்ப்பு வலுத்தது, 'நோய்தான் இல்லையே, பூட்டு எதற்கு?' என்று கேட்டார்கள். உத்தரவு தளர்ந்தது. 1892-இல் நோய் கண்ட நாய்களின் எண்ணிக்கை நாட்டில் 38-ஆக இருந்தது. 1895-இல் அது 672. ஒவ்வொரு நாய்க்காரரும் தம் நாயை மட்டும் பார்த்துத் தீர்மானித்ததற்குக் கிடைத்த விலை இந்த எண்ணில் இருக்கிறது என்பது நம் கருத்து. அவர்களில் யாரும் கொடியவர் அல்லர். தம் நாய்மீது உயிரை வைத்திருந்தவர்கள். 1891-இல் தோன்றிய தேசிய நாய்ப் பாதுகாப்புக் கழகம், நாய்களைக் கொடுமையிலிருந்து காப்பது என்ற நல்ல நோக்கத்தோடு பிறந்தது. வாய்ப்பூட்டை எதிர்ப்பதை அதுவும் தன் வேலையாக எடுத்துக்கொண்டது.

1895-இல் விவசாய வாரியத்தின் தலைவரானார் வால்டர் லாங். 1897-இல் அவர் மறுபடியும் வாய்ப்பூட்டைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை ஒரு நகரத்துக்கு மட்டுமல்ல, நோய் கண்ட பகுதிகளைச் சுற்றிப் பரந்த நிலப்பரப்புக்கே உத்தரவு. தோல்வாரால் பெயருக்குக் கட்டுவது கூடாது, கம்பியால் பின்னிய கூடாக இருக்க வேண்டும் என்றும் கட்டளை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் நாய்களைத் தனியே அடைத்துவைத்துப் பார்க்கும் முறையும் அதே ஆண்டில் வந்தது. கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள், விண்ணப்பங்கள் குவிந்தன, நாடாளுமன்றத்தில் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். லாங் அசையவில்லை.

ஆனால் அவரும் ஓர் இடத்தில் அசைந்திருந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. வேட்டைக்குப் போகும் நாய்களுக்கு, வேட்டையாடும் சமயத்தில், வாய்ப்பூட்டு விலக்கு உண்டு. ஆடு மேய்க்கும் நாய்க்கும் வேலை நேரத்தில் விலக்கு. மேய்ப்பவன் நாய்க்கு வாய் வேண்டும் என்பது சரி. ஆனால் நரி வேட்டை பிரபுக்களின் பொழுதுபோக்கு. வேட்டை நாய்க் கூட்டங்களிலும் வெறி கண்டதுண்டு. அப்படியிருக்க, தையற்காரி வீட்டுச் சிறு நாய்க்குப் பூட்டு, பிரபுவின் ஐம்பது நாய்களுக்கு இல்லையென்றால், இது நோய்க்குப் போட்ட சட்டமா, ஏழைக்குப் போட்ட சட்டமா என்ற கேள்வி எழத்தானே செய்யும்? வைத்தியர் சொன்ன காரணம் எவ்வளவு சரியாக இருந்தாலும், அதை நடத்தும் கை ஒருபக்கமாகச் சாய்ந்தால், காரணத்தின் மீதே சந்தேகம் விழுந்துவிடுகிறது.

இருந்தும் முடிவு என்னவோ பிளெமிங் பக்கத்தார் சொன்னபடியே ஆயிற்று. 1897-க்குப் பின் ஆண்டுக்காண்டு எண்ணிக்கை சரிந்தது. கடைசியாக நோய் ஒட்டிக்கொண்டிருந்தது தென் வேல்ஸ் பகுதியில். 1902-இல் அங்கேயும் மறைந்து, பிரிட்டனில் வெறிநாய்க்கடி ஒழிந்தது. நாய்களுக்குத் தடுப்பூசி இல்லாத காலத்தில், வாய்ப்பூட்டையும் துறைமுகக் காவலையும் கொண்டே இதைச் சாதித்தார்கள். 1918-இல், முதல் உலகப்போர் முடியும் சமயத்தில், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட நாய் மூலம் நோய் மீண்டும் நுழைந்தது. அதை அடக்க 1922 வரை ஆயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாயாவில் வெறிநாய்க்கடி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்ட நோய். 1950-களின் தொடக்கத்தில் அது பெருமளவில் கிளம்பி, 1952-இல் கோலாலம்பூர் வரை வந்துவிட்டது. அவசரகால ஆட்சி நடந்துகொண்டிருந்த வேளை அது. புதுக்கிராமம், அடையாள அட்டை, ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு என்று உத்தரவுக்கு மேல் உத்தரவாக வாங்கிப் பழகியிருந்த மக்களிடம் இன்னோர் உத்தரவு வந்தது. நாய்க்குக் கட்டாயத் தடுப்பூசி. ஊசி போடாமல் திரியும் நாய் கொல்லப்படும்.

இங்கிலாந்துக்கும் மலாயாவுக்கும் இருந்த வித்தியாசம் அந்த ஊசிதான். அதற்கு முன் இருந்த தடுப்பு மருந்துகள் நோயுற்ற பிராணியின் நரம்புத் திசுவிலிருந்து செய்யப்பட்டவை. அவற்றால் சில நாய்களுக்குக் கால் விழுந்துபோவதும் உண்டு. ஆகையால் ஊசிக்கு அஞ்சியவர்களை மூடர்கள் என்று தள்ளிவிட முடியாது. 1952-இல் மலாயாவில் பயன்படுத்தியது, கோழி முட்டைக் கருவில் வளர்த்துச் செய்த புதிய மருந்து. ஃப்ளூரி என்று அதற்குப் பெயர். 1939-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இந்த நோயால் இறந்த ஒரு சிறுமியின் குடும்பப் பெயர் அது. அவளிடமிருந்து எடுத்த கிருமியைக் கோழிக் குஞ்சிலும் முட்டையிலும் மாற்றி மாற்றி வளர்த்து, அதன் நச்சுத்தன்மையைக் குறைத்தார்கள். ஒரே ஊசி, நீண்ட நாள் காப்பு. மலாயாவில் கட்டாய ஊசியால் நோய் அடங்கிய விவரம் 1954-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. உலகின் மற்ற நாடுகள் எடுத்துக்காட்டும் சம்பவமாக அது ஆனது. சிங்கப்பூரில் 1953-க்குப் பின் இந்த நோய் இல்லை. தாய்லாந்து எல்லையோரமாகப் பல மைல் அகலத்துக்கு, நாய்களுக்கு ஆண்டுதோறும் ஊசி போடும் ஒரு தடுப்பு வளையமும் பிறகு அமைக்கப்பட்டது.

வாய்ப்பூட்டு, நாய் வளர்ப்பவருக்கு எதையும் கொடுக்கவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள மட்டுமே செய்தது. ஊசியோ அவருடைய நாயைக் காக்கிறது, ஊரையும் காக்கிறது. வைத்தியரின் கேள்வியும் வீட்டுக்காரரின் கேள்வியும் முதன்முறையாக ஒன்றானது அங்கேதான். ஆனாலும் எல்லாருக்கும் அல்ல. தோட்டத்து லயங்களில் நாய் யாருடையது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வீட்டு வாசலில் படுக்கை, இரவில் பால்மரக் காட்டுப் பக்கம் ஓசை கேட்டால் எல்லாருக்கும் காவல். கழுத்தில் லைசென்ஸ் வில்லை இராது. சட்டத்தின் கண்ணுக்கு அது தெருநாய். லயத்துப் பிள்ளைகளுக்கு அது மணி, கறுப்பன், ராஜா. நாய் சுடுகிறவர்கள் வருகிறார்கள் என்ற செய்தி கேட்டதும், பிள்ளைகள் நாயை இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்த கதைகளை நாம் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு ஊசியைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்லவில்லை. துப்பாக்கியை மட்டும் பார்த்தார்கள்.

அறுபது ஆண்டுகள் கழித்து அதே பிணக்கு மறுபடியும் தலைதூக்கியது. 2015-ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் திரும்பவும் காணப்பட்டது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவானபோது, பிராணிகள் நலனில் அக்கறை கொண்டவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கொல்வதால் மட்டும் நோய் தீராது, ஊசி போடுங்கள் என்றார்கள். இந்தத் தடவை அறிவியல் பெரிதும் அவர்கள் பக்கமே இருந்தது. ஓர் ஊர் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் ஊசி போட்டால் நோய் பரவும் வழி அறுந்துபோகும் என்பதும், வெறுமனே கொன்றால் காலியான இடத்துக்கு வேறு நாய்கள் வந்து சேரும் என்பதும் இன்று உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட உண்மைகள். வைத்தியத் துறையாரும் ஊசியை மறுக்கவில்லை. அதற்கு ஆகும் காலத்தை எண்ணித்தான் அஞ்சினார்கள். 1887-இல் நாய்க்காரர்கள் சொன்னது தவறு என்பதால், 2015-இல் அவர்கள் சொன்னதும் தவறாகிவிடாது.

சரவாக்கில் நிலைமை இன்னும் கடுமை. 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் செரியான் வட்டாரத்தில் நோய் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. முதலில் பலியானவர்கள் குழந்தைகள். அதன்பின் அந்த மாநிலத்தில் இந்த நோயால் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் மேல். வளர்ப்பு நாய் கடித்ததை ஒரு பொருட்டாக எண்ணாமல், 'நம் வீட்டு நாய்தானே' என்று விட்டுவிட்டவர்களும் அவர்களில் உண்டு.

வளர்ப்பு நாய் யாரையாவது கடித்துவிட்டால், கடிபட்டவர் கடிவாயைச் சோப்பும் தண்ணீரும் விட்டு ஒரு கால்மணி நேரம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போகிறார். நாயைக் கொல்லாமல் கட்டிவைத்துப் பத்து நாள் கவனிப்பது வழக்கம். கடிக்கும்போது அதன் உமிழ்நீரில் கிருமி இருந்திருந்தால், பத்து நாளுக்குள் அது நோயைக் காட்டிவிடும், செத்தும் போகும். பத்தாம் நாளும் அது நலமாக இருந்தால், அந்தக் கடியில் கிருமி இல்லை. தினமும் நாயைப் பார்த்துச் சோறு வைத்து, அது தின்றதா, குரைக்கும் குரல் மாறியிருக்கிறதா, தண்ணீரை விழுங்குகிறதா என்று கவனித்து வைத்தியருக்குச் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். அந்தப் பத்து நாளும் வைத்தியர் அவருடைய வாயைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.